"புதுசு போட்டுருவோம் அண்ணாச்சி!"

"ரேடியேட்டர்ல கை வச்சா நிக்காது, புதுசு போட்டுருவோம் அண்ணாச்சி."

பழைய டிராக்டரோ ஜீப்போ கொதித்துப்போய் நின்றால் பட்டறையில் முதலில் விழுவது இந்தப் பேச்சுதான். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே விழுந்துவிடுவதும் உண்டு. பட்டறைக்காரரோடு இது நிற்பதில்லை. சங்கரன்கோவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதையே சொல்கிறார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் போனில் சொல்கிறான். பனவடலிசத்திரம் டீக்கடையில் சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாதவர் சொல்கிறார். பழசைப் பழுது பார்ப்பது வெட்டிச் செலவு, ஒரே தடவையாகப் புதுசை மாட்டிவிட்டால் நிம்மதி என்பது இன்று ஊரே ஒப்புக்கொண்ட கருத்து. இந்தப் பக்கத்தில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தப்பான கருத்து என்கிறேன். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி போகும் சாலையில் கிடக்கிறது பனவடலிசத்திரம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. உளுந்து, பருத்தி, மக்காச்சோளம். இங்கே வண்டி என்றால் ஷோரூம் வாசனை மாறாத கார் இல்லை. வாடகை உழவுக்கு ஓடும் பழைய மாஸி பெர்குசன், மஹிந்திரா டிராக்டர்கள், மூட்டை ஏற்றும் டாடா 407, கல்யாண வீட்டுக்கு இன்னமும் கிளம்பும் ஏதோ ஒரு அம்பாசடர், தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப். இவற்றின் ரேடியேட்டர் பித்தளையும் தாமிரமும் ஈயமும் சேர்ந்து செய்தது. மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, நடுவே பித்தளைக் குழாய்கள், குழாய்களுக்கு இடையில் ஃபின் என்கிற மெல்லிய தாமிரத் தகடுகள், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது ஈயப்பற்று. சந்தேகம் இருந்தால் தொட்டியின் ஓரத்தில் கறுப்புப் பெயின்ட்டைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சுரண்டுவதற்கு உலோகமே இல்லாமல் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அது வேறு சாதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மஞ்சள் தெரிந்தால், எதிராளி அடுத்து எடுத்து வைக்கும் வாதம் இது: "அதெல்லாம் அந்தக் காலத்து ஐட்டம். இப்ப அலுமினியம்தான் நல்லாக் குளிருது."

வெப்பத்தைக் கடத்தும் திறனில் தாமிரத்தின் எண் ஏறத்தாழ 400 என்றால் அலுமினியத்தின் எண் 240-க்குக் கீழே. 1970-களில் ஐரோப்பியக் கார்களில் அலுமினிய ரேடியேட்டர் புகுந்ததற்குக் காரணம் அது கூடுதலாகக் குளிர வைத்தது இல்லை. தாமிரத்தின் அடர்த்தி 8.9, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம், விலையும் குறைவு, தொழிற்சாலையில் ஆள் கை படாமல் உலையிலேயே ஒட்டி எடுத்துவிடலாம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ரேடியேட்டரில் தாமிரம் இருப்பது ஃபின்னில்தான். குழாய் பித்தளை, அதன் எண் அலுமினியத்தில் பாதிதான் வரும். நடுவில் ஈயப்பற்று வேறு. அகலக் குழாயோடு ஒழுங்காகச் செய்த அலுமினிய ரேடியேட்டர் நன்றாகவே வேலை செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கைக்கு வருவது அந்த ஒழுங்காகச் செய்தது தானா? அம்பாசடரின் உத்தரபாராத் தொழிற்சாலை 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. நின்றுபோன மாடலுக்குக் கம்பெனிப் பெட்டியில் ரேடியேட்டர் வரப்போவதில்லை. கிடைப்பது "அதே சைஸ்தான், மாட்டிக்கலாம்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவது. மாட்டிப் பார்த்தால் போல்ட் துளை அரை விரல் தள்ளி நிற்கும், தகடு மெலிசாக இருக்கும், குழாய் வரிசை ஒன்று குறைந்திருக்கும். பழசில் எத்தனை வரிசை, புதுசில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறவர் அபூர்வம். தராசில் வைத்து வாங்குகிறவர் அதைவிட அபூர்வம்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் தண்ணீர்.

கரிசல் காட்டுப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் வெந்நீர் போடும் பானையின் அடியை எந்த வீட்டிலும் போய்ப் பார்க்கலாம், சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை அப்பியிருக்கும். அதே தண்ணீர்தான் ரேடியேட்டருக்குள்ளும் போகிறது. டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனால், மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை இந்தத் தண்ணீர்தான் சுமந்து வந்து வெளிக்காற்றில் இறக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உப்பு கூடவே போவதில்லை, உள்ளேயே தங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் டிரைவர் ஒரு செம்பு ஊற்றி நிரப்புகிறார். அந்தச் செம்பிலிருக்கும் உப்பும் சேர்கிறது. வருஷக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் குழாயின் உள்சுவரில் வெள்ளைப் பொறுக்கு கட்டும். சுண்ணாம்புப் பொறுக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் தாமிரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உலோகம் என்னவாக இருந்தாலும் இந்தப் பொறுக்குக்கு முன்னால் அந்தப் பெருமை செல்லாது.

"பழசு அடைச்சுப் போச்சு, அதான் மாத்தச் சொல்லுதோம்" என்பார்கள். சரி, மாற்றிய பிறகு எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள்? பட்டறை மூலையில் இருக்கும் அதே பிளாஸ்டிக் குடம், அதே போர்த் தண்ணீர். உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துத் துளை போடும் குணமுள்ளது. பித்தளையையும் தண்ணீர் அரிக்கும்தான், ஆனால் மருந்து கலக்காத சாதாரணத் தண்ணீரைப் பித்தளை தாங்குகிற அளவுக்கு அந்த மெல்லிய அலுமினியக் குழாய் தாங்குவதில்லை. ஆக, தண்ணீரை மாற்றாமல் ரேடியேட்டரை மாற்றினால், உப்பைத் தாங்கி நின்றதைக் கழற்றிவிட்டு உப்பைத் தாங்காததை மாட்டியிருக்கிறோம். இரண்டு கோடை போனதும் புதுசு ஒழுகும். அப்போது யாரும் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டார்கள். "இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான் அண்ணாச்சி, தரமே இல்ல" என்று சொல்லி இன்னொரு புதுசை மாட்டுவார்கள்.

தண்ணீரை மாற்றுவது பெரிய வித்தையும் இல்லை. குழாயில் வரும் தாமிரபரணிக் குடிநீர் போர்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். அதற்கும் மேல், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். அதோடு கூலன்ட். கூலன்ட் என்றதும் "நம்ம ஊர்ல என்ன பனிக்கட்டியா உறையுது?" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து. அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு, பழைய வகைக் கூலன்ட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. ஈயப்பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்கு அந்தப் பழைய வகையே பொருத்தம். நீண்ட ஆயுள் என்று விற்கிற ஆர்கானிக் அமில வகை அலுமினியத்துக்காகப் பிறந்தது, ஈயத்தைக் காப்பதில் அவ்வளவு கெட்டியில்லை. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். நிறத்துக்கு எந்த விதியும் கிடையாது, டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். கூலன்ட்டை உப்புத் தண்ணீரில் கலக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டாக இருந்தால் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து புதிதாக வேறொரு பொறுக்கு கட்டிக்கொள்ளும், காசு கொடுத்து வாங்கிய பொறுக்கு. இன்னொன்று: வடித்த பழைய கூலன்ட்டைப் பட்டறை வாசலில் கொட்டாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

அடுத்த வாதம்: "ரிப்பேர் பண்ணினது நிக்காது."

நிற்காத ரிப்பேர் நிறைய உண்டு. அதில் பாதி, ரிப்பேர் என்ற பெயருக்கே தகுதியில்லாதது. எம்சீலை உருட்டி அப்புவது ரிப்பேர் இல்லை. மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி ஓட்டையை அடைக்கும் வழி லாரி டிரைவர்களுக்குத் தெரியும். நடுக்காட்டில் நிற்கும் வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்க அது உதவும், வீடு வந்த பிறகும் அப்படியே விட்டால் நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும். உள்ளே பொறுக்கை எடுக்கிறேன் என்று கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் ஈயப்பற்றையே தின்னக் கொடுக்கிறார்கள். அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும், கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் லேசான பொறுக்கு இறங்கிவிடும்.

முறையான வேலை எப்படி நடக்கும் தெரியுமா? ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றைக் கொடுப்பார்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் குறி. பிறகு மேல் தொட்டியின் ஓரத்தைச் சூடு காட்டி ஈயத்தை இளக்கிக் கழற்றுவார்கள். அப்போதுதான் உள்ளே நடந்த கதை தெரியும். பட்டையான குழாய் வாய்கள் வரிசையாக இருக்கும், சிலவற்றின் வாய் வெள்ளையாக மூடி, ஊசிகூட நுழையாது. பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு மெல்ல ஏற்றி இறக்கினால் கீழ்வாயில் வெள்ளைப் பொடியும் காவி நிறச் சேறும் கொட்டும். குழாய் மெலிந்திருந்தால் அவசரக் கை கம்பியை உள்ளேயே குத்திவிடும். பொறுமையான கை, தட்டுப்படும் இடத்தில் நிறுத்தித் திரும்ப எடுக்கும். எல்லாக் குழாயும் திறந்ததும் ஓரத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, தொட்டியை வைத்து ஈயம் ஓட்டுவார்கள். திரும்பத் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பார்கள். இப்படிச் செய்த வேலை ஏன் நிற்காது?

நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு வெளியே இருக்கும். ஒன்று மூடி. பழைய டிராக்டர் ரேடியேட்டர் 7 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குச் செய்ததாக இருக்கலாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. மூடி தொலைந்துபோனதும் கடையில் கையில் கிடைத்த 13 பிஎஸ்ஐ மூடியைப் போட்டுவிடுவார்கள், திருகினால் பொருந்தும். அன்றிலிருந்து ஓர ஈயத்தின் மேல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம். ஒழுகத் தொடங்கும், ரிப்பேர்காரருக்குக் கெட்ட பெயர். இன்னொன்று ரேடியேட்டரின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர். அது கரைந்துபோய், இரும்பின் மேல் பித்தளை நேராக உட்கார்ந்து, உழவுக்காட்டில் அடிவாங்கினால் எந்தப் பற்றும் விடும். புதுசும் விடும், அதுவும் சீக்கிரமாக.

வண்டி கொதித்தால் ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று எழுதி வைத்தவர் யார்? தை, மாசியில் மக்காச்சோளம் அடிக்கும்போது டிராக்டர் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்று மெஷினை ஓட்டுகிறது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும், நிற்கிற டிராக்டருக்கு ஃபேன் மட்டுமே கதி. அந்த ஃபேன் சுற்றியுள்ள சருகையும் சோளத் தூசியையும் இழுத்து ரேடியேட்டரின் முகத்தில் அப்பிவிடுகிறது. ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றும் மேகாற்று தன் பங்குக்குப் புழுதியைக் கொண்டுவந்து நிரப்புகிறது. உள்ளே ஒரு குறையும் இருக்காது, வெளியே மூக்கு அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றை விட்டால் போதும், சருகு வந்த வழியே போய்விடும். முன்னாலிருந்து வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும், ஃபின் எல்லாம் மடங்கும். மடங்கிய ஃபின்னைப் பார்த்து, "கோர் செத்துப் போச்சு" (கோர் என்றால் குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) என்று சொல்லவும் ஆள் இருக்கிறது.

தளர்ந்த ஃபேன் பெல்ட், உள்பக்கம் உரிந்துபோன ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப் இறகு, இவையெல்லாம் வண்டியைக் கொதிக்க வைக்கும். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தவுடன் (ஆறிய எஞ்சினில் மட்டும், சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு) குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த நிலையில் தங்கத்தில் ரேடியேட்டர் செய்து மாட்டினாலும் கொதிக்கும். தெர்மோஸ்டாட் விவகாரம் இதைவிட வேடிக்கை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிற மாதிரி அமைந்த எஞ்சின்கள் உண்டு. அவற்றில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர வைக்கக் கழற்றியது கொதிக்க வைக்கும். அதற்கும் தண்டனை ரேடியேட்டருக்கே.

ரேடியேட்டர்தான் கெட்டிருக்கிறது என்று உறுதியானாலும், ரிப்பேரா புதுசா என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுவது சரியில்லை. நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கோர் மாற்றுவது. பித்தளைத் தொட்டி இரண்டும், பக்கச் சட்டமும், கம்பெனி போட்ட போல்ட் துளைகளும் அப்படியே இருக்கும், நடுவிலுள்ள குழாயும் ஃபின்னும் மட்டும் புதுசு. பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியே எழாது. ஃபேனுக்கு இடைவெளி இருந்தால் மூன்று வரிசை இருந்த இடத்தில் நான்கு வரிசைகூடக் கேட்டு வாங்கலாம். ஓரப்பற்றில் ஒழுகலா, ஈயம் வைத்தால் முடிந்தது. ஒன்றிரண்டு குழாய் ஓட்டையா, அவற்றை அடைத்துவிட்டு ஓட்டலாம். பத்தில் ஒரு குழாய்க்கு மேல் அடைக்க வேண்டி வந்தாலோ, விரலால் தொட்டதும் ஃபின் பொடியாக உதிர்ந்தாலோ கோர் மாற்ற வேண்டியதுதான். இது என் கணக்கு, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். முழுதாகப் புது ரேடியேட்டருக்கு இந்தக் கணக்கில் இடமே வருவதில்லை. ஆனால் கடையில் கோர் மாற்றுவது பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள், நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஏன் திறக்க மாட்டார்கள்? இங்கேதான் காசு பேசுகிறது. ஈயம் வைத்தால் சில நூறு ரூபாய், அதற்கு அரைநாள் உட்கார்ந்து புகை குடிக்க வேண்டும். புது ரேடியேட்டர் என்றால் கழற்றி மாட்டும் கூலியோடு கடையில் கமிஷனும் உண்டு. அதோடு பழசு பட்டறையிலேயே தங்கிவிடுகிறது. "பழசை விட்டுட்டுப் போங்க, அதை வச்சு என்ன செய்யப் போறிய?" என்று சொல்வார்கள், நாமும் விட்டுவிட்டு வருவோம். விட்டுவிட்டு வருவது தாமிரமும் பித்தளையும். உலகச் சந்தையில் தாமிரத்தின் விலை அலுமினியத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு. பழைய டிராக்டர் ரேடியேட்டரைத் தூக்கிப் பார்த்தால் எத்தனை கிலோ என்று கைக்கே தெரியும். எல்லாப் பட்டறைக்காரரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு மூன்று வழியில் வரும்படி தரும் ஆலோசனையை அவரே சொல்லும்போது, இரண்டாவது ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

"பதினஞ்சு வருஷம் ஆன வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? கவர்மென்ட்டே உடைக்கச் சொல்லுது" என்பது படித்தவர்கள் சொல்லும் வாதம். அரசு அப்படிச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய வாகன உடைப்புத் திட்டம் தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை விருப்பத்தின் பேரில் நடப்பது. 15 ஆண்டு கடந்தால் கட்டாயமாகப் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது அரசு வண்டிகளுக்கு. டீசலுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்ற தடை டெல்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் குறித்து வந்தது, தமிழ்நாட்டுக்கு அது இல்லை. இங்கே காரை ஐந்தைந்து ஆண்டாக மறுபதிவு செய்து ஓட்டலாம். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள், மனசு வலிக்கும் தொகைதான். இதையும் சேர்த்தே சொல்கிறேன்: இவ்வளவு கட்டி இன்னும் ஐந்து வருஷம் ஓட்ட உரிமை வாங்கியவர், அந்த ஐந்து வருஷமும் தாங்கும் ரேடியேட்டரை வைத்திருப்பதா, இரண்டு கோடைக்குள் ஒழுகும் ஒன்றை மாட்டுவதா?

இனி பிளாஸ்டிக் தொட்டி. மாருதியிலும் டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளிலும் அலுமினியக் கோரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, நடுவே ரப்பர் வாஷர் கொடுத்து, தகட்டின் பல்லை மடித்து இறுக்கியிருப்பார்கள். சூட்டிலேயே வருஷக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போய் ஹோஸ் மாட்டும் கழுத்தில் கீறல் விடும். அதன் மேல் எந்தப் பசையும் நிலைத்து ஒட்டாது. மடித்த பல்லை நிமிர்த்தித் திரும்ப மடித்தால் அலுமினியப் பல் ஒடியும். இங்கே "புதுசு போட்டுருவோம்" என்பவர் சொல்வது சரி, விவாதமே தேவையில்லை. இந்த வண்டிகளுக்குச் சரியான பேச்சு எல்லா வண்டிக்கும் பொதுப்பேச்சு ஆனதுதான் கோளாறு. இன்றைக்குப் பட்டறையில் நிற்கும் இளைஞர் தொழில் கற்றது பிளாஸ்டிக் தொட்டியில். அவருக்குத் தெரிந்த நியாயத்தை அவர் பித்தளைக்கும் சொல்கிறார்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதை உள்ள ஒரே வாதம் ஈயத்தைப் பற்றியது. ரேடியேட்டர் ரிப்பேர் பார்ப்பவர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுவது உலகமெங்கும் பல ஆய்வுகளில் பதிவான உண்மை. சூடு காட்டும்போது எழும் புகையில் மட்டுமில்லை, பழைய ஈயத்தைச் சுரண்டும்போது பறக்கும் தூசியிலும் அது இருக்கிறது. அந்தத் தூசி கையில் ஒட்டி டீக் கிளாஸ் வழியாக வயிற்றுக்குப் போகிறது, சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தையிடம் போகிறது. இதற்காகவே இந்தத் தொழில் ஒழிய வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நான் குரலை உயர்த்த மாட்டேன். ஆனால் "புதுசு போடு" என்பவர்களில் ஒருவரும் இதைக் காரணமாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, மூடிய கொட்டகைக்குப் பதில் திறந்த இடத்தில் வேலை, ஒரு ஃபேன், சோப்பு, வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிவைக்க ஓர் ஆணி. இவற்றுக்காகக் கூலியில் ஐம்பதோ நூறோ கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம். புது ரேடியேட்டரின் விலையில் அது எந்த மூலைக்கு?

கடைசியாக வருவது அவசரம். "ஐப்பசி ஈரம் காயுறதுக்குள்ள உழணும், மூணு நாள் ரேடியேட்டரைக் கழத்திப் போட முடியுமா?" முடியாதுதான். ராஜபாளையத்துக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோய்க் கோர் மாற்றிக் கொண்டுவரும் வரைக்கும் ஈரம் காத்திருக்காது. ஐப்பசியில் கொதித்து நின்றவர் கிடைத்ததை மாட்டித்தான் ஆக வேண்டும். அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், பழைய பித்தளையைப் பட்டறையில் விடாமல் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவருவது. அறுவடை முடிந்து டிராக்டருக்கு வேலை குறையும் பங்குனியில் அதற்குக் கோர் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசியில் மாட்டிய புதுசு எப்போது காலை வாரினாலும், அன்றைக்கு மாட்ட ஒன்று வீட்டில் தயாராக இருக்கும்.